தட்டின் அடியில் நின்ற கறை

நம் கம்பெனியின் ஆய்வகத்துக்குள் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும் அந்த அறையின் சுவருக்கு முதல் சுண்ணாம்பு அடித்தவன் நான். அங்கே முதல் கண்ணாடித் தட்டைப் பூசியவன் நான். ஊறுகாய் ஜாடியைச் சோதனைத் தொட்டியாக மாற்றியவன் நான். பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் இரண்டு பெரிய பல்புகளை மாட்டி, தட்டுக் காயவைக்கும் அடுப்பாக ஆக்கியவன் நான். வெளிநாட்டுச் சாமான் வரவழைக்க வழியில்லாத காலத்தில், ஒரு கண்ணாடிக் குச்சியின் இரண்டு முனையிலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைச் சுற்றி, தட்டு முழுக்க ஒரே கனத்தில் மாவு இழுத்துக் காட்டியவனும் நான்தான். படித்தது வெள்ளானூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு, அதையும் முடிக்கவில்லை. என் அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கையைப் பிடித்து இதைச் செய் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை.

இத்தனையும் செய்தவனின் பெயர் அந்த ஆய்வகத்தில் ஒரு காகிதத்திலாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருக்காது. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் உள்ளே வந்த கதை சின்னது. அறுபதுகளின் கடைசி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புதுப்புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வெள்ளையடிக்கிற எங்களுக்குக் கை ஓயாத வேலை. நெல்லிக்காய் மாத்திரை செய்யும் இந்தக் கம்பெனியின் பின்னறைக்கு நான் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது, வயதான கெமிஸ்ட் ஒருவர் மேஜைமேல் கண்ணாடித் தட்டை வைத்து, வெள்ளை மாவைத் தண்ணீரில் கலக்கி ஊற்றி ஊற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் வழிந்தது, ஒரு பக்கம் வெடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“மாவு தண்ணியா கீது சார். கொஞ்ச நேரம் நிக்க வுட்டு, அப்பால இழுக்கணும்,” என்றேன் ஏணியிலிருந்து.

“நீ யாருப்பா?”

“செவுத்துக்கு வெள்ளையடிக்க வந்தவன் சார்.”

“செவுரு கெடக்கட்டும். எறங்கி வா.”

இறங்கினேன். அதற்குப் பிறகு ஏணியில் ஏறவே இல்லை. இரண்டு வருடம் அவரோடு இருந்தேன். குரோமட்டோகிராபி என்ற பெயரை வாய் சரியாகச் சொல்ல ஒரு வருடம் ஆயிற்று. கை மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டது. விஷயம் இவ்வளவுதான்: நெல்லிச் சாற்றில் ஒரு சொட்டைத் தட்டின் அடியில் வைத்து ஜாடிக்குள் நிறுத்தினால், ஜாடியில் இருக்கும் திரவம் மாவைப் பிடித்துக்கொண்டு தானாக மேலே ஏறும். ஏறுகிற வழியில், சாற்றில் கலந்திருக்கும் சத்துகளை ஒவ்வொன்றாக ஒவ்வொரு உயரத்தில் விட்டுவிட்டுப் போகும். ரயில் அம்பத்தூரில் சிலரையும் ஆவடியில் சிலரையும் இறக்கிவிட்டுப் போவது மாதிரி. பிறகு இரும்பு மருந்தைத் தெளித்தால் ஒவ்வொன்றும் நீலக்கருப்பாகக் கண் திறக்கும். எவ்வளவு பெரிய பொட்டு, எவ்வளவு கருப்பு என்று அளவு தெரிந்த பொட்டோடு வைத்துப் பார்த்தால் சத்தின் அளவு தெரிந்துவிடும்.

பெரியவர் ஓய்வு பெற்றார். அந்த மேஜை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த வாரமே எம்.எஸ்ஸி. படித்த ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். நீங்கள் தினமும் பார்க்கும் செய்முறைத் தாளின் தலையிலேயே இருக்கிறது. நான் இங்கே அதை எழுதப்போவதில்லை. என்னைவிட ஆறேழு வயது இளையவர். தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா. நான் பூசிய தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “ரொம்ப நல்லா இருக்கே, எங்க வாங்கினது?” என்று கேட்டார். வாங்கினதாம்! வயிறு எரிந்தது. அன்று பற்றியது, இந்த வயதிலும் முழுதாக அணையவில்லை.

அவர் வந்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், என் தப்பைச் சொல்ல எனக்குப் பயம் இல்லை. என் தட்டு இன்னும் பளிச்சென்று இருந்தால் எம்.எஸ்ஸி.க்காரர் வாயைப் பிளப்பார் என்று நினைத்து, சுண்ணாம்பில் கலப்பது மாதிரி மாவில் இரண்டு சொட்டு நீலம் விட்டேன். தட்டு பால் மாதிரி வந்தது. ஆனால் திரவம் ஏறும்போது நீலமும் கூடவே ஏறி, உச்சியில் ஒரு கோடாக நின்றது. அவர் இரண்டு நாள் அந்தக் கோட்டுக்காகப் புத்தகம் புத்தகமாகப் புரட்டினார். நெல்லியில் யாரும் காணாத ஒன்று இருக்கிறது என்றுகூடச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என் தட்டு ஒன்றை எடுத்து, அதில் ஒன்றுமே வைக்காமல், வெறும் தட்டாக ஜாடிக்குள் நிறுத்தினார். நீலக் கோடு வந்தது.

“ஏழுமலை, மாவுல என்ன போட்டீங்க?”

“நீலம் சார். செவுத்துக்குப் போடறதுதான்.”

சிரித்தார். “சுவருக்கு நல்லாத்தான் இருக்கும்,” என்றார். மேனேஜரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அடுத்த மாதம் மறந்திருப்பேன். திட்டாததால்தான் மறக்க முடியவில்லை. நீங்களும் ஒன்றும் வைக்காத தட்டு ஒன்றை முதலில் ஓட்டுங்கள். இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், ஒப்புக்கொள்கிறேன். நீலம் விட்டவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி பெரிய கதை.

அப்போது கம்பெனிக்குப் பின்னால் காய்ச்சல் களம் ஒன்று இருந்தது. பன்னிரண்டு பெண்கள் நெல்லிக்காயை நறுக்கிக் கொட்டையை எடுத்துப் பாயில் காயவைத்து இடித்துத் தருவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கன்னியம்மா. எங்கள் வெள்ளானூர்க்காரி. கூலி வேலைக்குப் போன வீட்டுப் பெண்தான். வாய் மட்டும் ஜமீன். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

எம்.எஸ்ஸி.க்காரர் ஒரு விதி வகுத்தார். தட்டில் மேலே ஏறி நிற்கும் கேலிக் அமிலப் பொட்டுத்தான் நெல்லியின் சத்து. அது பெரிதாக இருந்தால் நல்ல தூள், சிறிதாக இருந்தால் சத்தில்லாத தூள். அப்படி அளந்ததில் எங்கள் களத்துத் தூள் ஒவ்வொரு முறையும் தோற்றது. வியாபாரி ஒருவர் மூட்டையில் அனுப்பிய தூள் ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. எம்.எஸ்ஸி.க்காரர் பொய் எழுதவில்லை, கண்டதைத்தான் எழுதினார். மேனேஜர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியோடு களத்தை மூடிவிடலாம், வெளித்தூள் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டிவிட்டார். முதலாளி வந்து பார்த்துத் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

கன்னியம்மா நேராக ஆய்வக ஜன்னலுக்கு வந்தாள்.

“இன்னா ஏழுமல, நாங்க காயவெச்சதுல சத்தே இல்லன்னு எழுதிக்கீறாராமே உங்க தொர?”

“தட்டுல அப்டித்தான் வருது.”

“தட்டுக்கு நாக்கு கீதா? அந்த மூட்டத் தூள இப்டி குடு.”

கொடுத்தேன். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

“இது அழுவுன காயி. அழுவி பூசணம் புடிச்சத காயவெச்சி இடிச்சிக்கீறானுங்க. தொவர்ப்பே இல்ல பாரு. நெல்லின்னா நாக்க புடிச்சி இழுக்க வாணாம்?”

அவள் போன பிறகு நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். துவர்ப்பு இல்லை. அவள் காயவைத்ததை வைத்தேன். வாய் முழுக்கக் கட்டியது.

அன்று ஒரு மூடி போட்ட டப்பாவில் நல்ல நெல்லிக்காய்களை நறுக்கிப் போட்டு பாய்லர் பக்கத்தில் வைத்தேன். எம்.எஸ்ஸி.க்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில் சில நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்துச் சாறாக்கி வைத்துக்கொண்டேன். பத்தாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஏற்றினேன். முதலில் புதுக்காய். பிறகு நாலாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள். கடைசியில் வியாபாரியின் தூள். இரும்பு மருந்தைத் தெளித்துவிட்டு நின்றேன்.

புதுக்காயில் மேலே பொட்டு சின்னது. ஆனால் தட்டின் அடியில், சொட்டு வைத்த இடத்தை விட்டு நகராமல், கருப்பாக ஒரு கறை. நாள் ஆக ஆக அந்தக் கறை வெளுத்தது. மேல் பொட்டு கொழுத்தது. பத்தாம் நாள் அழுகலில் அடிக்கறை போயே போய்விட்டது, மேல் பொட்டு கட்டை விரல் அளவு. வியாபாரியின் தூளும் அதே மாதிரி, அச்சு எடுத்த மாதிரி.

பிள்ளைகளே, அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. எம்.எஸ்ஸி.க்காரர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் நின்றது நகராத அழுக்கு என்று விட்டுவிட்டார். நான் அடியிலிருந்து வந்தவன், அடியைப் பார்த்தேன். காய் அழுக அழுக அவருடைய அளவு கூடிக்கொண்டே போகிறது. அழுகலுக்கு முதல் மார்க், புதுக்காய்க்கு ஃபெயில். இதை உலகத்தில் அப்போது தெரிந்துகொண்ட ஆள் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் அடுத்த அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்து அடி தூரம்.

போகவில்லை. ஏனென்று மறைக்காமல் எழுதுகிறேன். நான் தனியாகச் சொன்னால் அவர் தனியாகத் திருத்திக்கொள்வார். தாளை மாற்றி எழுதிவிட்டு, “நல்ல வேளை ஏழுமலை” என்று சிரிப்பார், நீலத்துக்குச் சிரித்த மாதிரி. வெள்ளிக்கிழமை முதலாளி வருகிறார். அவர் எதிரில், மேனேஜர் எதிரில், இந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினால்? அந்த மேஜை யாருடையது என்று அன்றைக்குத் தெரியும். தட்டைத் துணியில் சுற்றி பிஸ்கட் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

சாயங்காலம் கேட்டில் கன்னியம்மா நின்றிருந்தாள்.

“இன்னா ஏழுமல, எதுனா தெரிஞ்சிதா?”

“பாத்துகினு கீறேன்.”

“பூந்தமல்லி தாண்டி சூளக்காரன் ஒருத்தன் ஆள் கேக்குறான். ஊட்டுக்காரரையும் சேத்து. நாளைக்கி வண்டி வருது. போறதா வாணாமான்னு இன்னிக்கே சொல்லணும். நீ ஒரு வார்த்த சொன்னன்னா நான் இருந்துடுவேன்.”

நான் சைக்கிள் செயினைப் பார்த்தேன். “உன் இஷ்டம்,” என்றேன்.

“இஷ்டமாம். செங்கல் அறுக்க எவளுக்குடா இஷ்டம்?” என்று சொல்லிவிட்டுப் போனாள். புதன்கிழமை களத்தில் பதினோரு பேர்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி, மேனேஜர், எம்.எஸ்ஸி.க்காரர் மூவரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். எம்.எஸ்ஸி.க்காரர் இரண்டு தூளையும் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். நான் துணியை அவிழ்த்துத் தட்டை அவர் எதிரில் வைத்தேன்.

“சார், இதையும் கொஞ்சம் பாத்துருங்க.”

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். “யார் இவரு?”

“வெள்ளையடிக்க வந்தவர் சார். லேப்ல தட்டு கழுவுறாரு,” என்றார் மேனேஜர்.

வருடக்கணக்காக அந்த லேபைத் தூக்கி நிறுத்தியவனுக்கு அந்த ஒரு வரி. பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாகச் சொன்னேன். இது புதுக்காய், இது நாலாம் நாள், இது ஏழு, இது பத்து, இது மூட்டைத் தூள். எம்.எஸ்ஸி.க்காரர் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் காது சிவப்பதைப் பார்த்தேன். மாட்டினான் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

திரும்பி வந்தார். “நான் எழுதினது தப்பு சார்,” என்றார் முதலாளியிடம். “நெல்லியோட துவர்ப்பு இந்த அடிக்கறையிலதான் இருக்கு. காய் அழுகினா அது உடைஞ்சு, கேலிக் அமிலமா மேல ஏறிடுது. உடைஞ்சதையே நான் சத்துன்னு அளந்துட்டேன். இவர் சொல்றதுதான் சரி. களத்தை மூடக் கூடாது. ரெண்டையும் சேத்துப் பாக்கிற மாதிரி முறையை மாத்தி எழுதறேன்.”

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். “தப்பை இப்படி நின்னு ஒத்துக்கிற ஆளை நான் பாத்ததில்ல,” என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் கையை! தோற்றது அவர், கை அவருக்கு. பிறகுதான் முதலாளி என் பக்கம் திரும்பி, “எப்படிய்யா தோணிச்சு உனக்கு?” என்று கேட்டார்.

“எனக்கே தோணிச்சி சார்,” என்றேன்.

“நல்லது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரில் இருவர் போன பிறகு எம்.எஸ்ஸி.க்காரர் தட்டை எடுத்து வைக்கப் போனார். என் தட்டுகளின் மூலையில் ஆணியால் தேதி கீறி வைப்பது நான் கொண்டுவந்த வழக்கம். இப்போது நீங்கள் எல்லாவற்றிலும் தேதி போடுகிறீர்களே, அதற்கும் ஆதி நான்தான். அவர் விரல் அந்த மூலையில் நின்றது.

“இது செவ்வாய்க்கிழமைத் தட்டு.”

“ஆமா சார்.”

“களத்துல இருந்த அந்தம்மா புதன்கிழமைதானே போனாங்க?”

“ஆமா சார்.”

மேலே ஒன்றும் கேட்கவில்லை. இதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் படிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், மேஜையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு போனதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். அந்த நிலையில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி தாண்டிச் சூளைக்குப் போனேன். கன்னியம்மா குந்திக்கொண்டு அச்சில் மண்ணை அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சேறு.

“களத்த மூடல. நீ வந்துடு,” என்றேன்.

“எப்டி வர்றது? சீசன் முடியறமுட்டும் இருக்கறேன்னு ஊட்டுக்காரர் வாக்கு குட்துட்டாரு. அப்பால பாக்கலாம்.” அச்சைக் கவிழ்த்துக் கல்லை எடுத்தாள். “நான் சொன்னது சரியா பூட்ச்சா?”

“சரியா பூட்ச்சி.”

“மொதலாளியாண்ட என் பேர சொன்னியா?”

“சொன்னேன்.”

“இன்னா சொன்னாரு?”

“சந்தோசப்பட்டாரு.”

சிரித்தாள். “அப்ப சர்தான்,” என்று அடுத்த கல்லுக்கு மண் எடுத்தாள். சீசன் முடிவதற்குள் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அவள் திரும்ப வரவில்லை.

புது முறையை எம்.எஸ்ஸி.க்காரர் அடுத்த மாதம் டைப் அடித்து மாட்டினார். அடியில் நிற்கும் கறை, மேலே ஏறும் பொட்டு, இரண்டையும் அளந்து ஒன்றுக்கு ஒன்று பார்க்க வேண்டும். தலையில் அவர் பெயர். முடிவில் ஒரு வரி: ‘லேப் அசிஸ்டெண்ட் ஒருவர் கவனித்துச் சொன்னதன்பேரில் திருத்தப்பட்டது.’ சில வருடத்தில் அவர் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். தாள் இருந்தது. சத்தை அளக்க எந்திரம் வந்த பிறகும் அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்ப நகல் எடுத்தார்கள். ஒவ்வொரு நகலிலும் அந்த ‘ஒருவர்’ இருக்கிறார். நான் ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள்; பின்னால் சுவரில் அந்த ‘ஒருவர்’ தொங்கிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தேடுகிற பொட்டை மட்டும் பார்க்காதீர்கள், தட்டை முழுக்கப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை தெரிந்ததைச் செவ்வாய்க்கிழமையே சொல்லுங்கள். கேட்பவர் யாராக இருந்தாலும், உங்கள் வயிறு எவ்வளவு எரிந்தாலும். மூன்று நாள் காத்திருந்து நான் சம்பாதித்தது ஒரு ‘நல்லது’.

இப்போது என் கோரிக்கை. அந்தத் தாளை அடுத்த முறை புதிதாக அடிக்கும்போது ‘லேப் அசிஸ்டெண்ட் ஒருவர்’ என்பதை எடுத்துவிட்டு, ‘வெள்ளானூர் ஏழுமலை’ என்று போடுங்கள். கேட்டு வாங்குகிறேன், எனக்கு வெட்கம் இல்லை. தட்டு என்னுடையது, டப்பா என்னுடையது, கண் என்னுடையது.

நாக்கு என்னுடையது இல்லை. இதை எழுத உட்கார்ந்த பிறகு நாலு நாள் அந்த ஒரு வரியிலேயே நின்றேன். எனக்காவது அவர் ‘ஒருவர்’ என்று ஒரு சொல் கொடுத்தார். அவளுக்கு நான் அதுகூடக் கொடுக்கவில்லை. ஆகவே என் பெயருக்குப் பக்கத்தில், ‘காய்ச்சல் களம் கன்னியம்மா’ என்றும் போடுங்கள். அவளுக்கு நான் சொன்ன பொய் அப்போதாவது மெய்யாகட்டும்.

முதலில் என் பெயர், பிறகு அவள் பெயர். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.